குளிர்மலைச் செடிகள் தம் சத்தை எங்கே வைக்கின்றன?

"தம்பி, மரம் பாக்க வடிவாத்தான் நிக்குது. கிண்டிப் பாத்தால் கிழங்கைக் காணேல்லை."

இடம்பெயர்ந்து வந்து, கிடைத்த காணித்துண்டு ஒன்றில் மரவள்ளி வைத்திருந்த ஒரு தாய் எம்மிடம் சொன்ன முறைப்பாடு இது. அவர் மரவள்ளி நட்ட இடத்தில் முன்னர் மாட்டுப்பட்டி இருந்திருக்கிறது. எருச் சத்து ஊறிய மண். மரம் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி, கரும்பச்சையாக இலை விரித்து நின்றது. வேரிலோ விரல் பருமனில் நாலைந்து கிழங்குகள் மட்டுமே. வேலிக்கு அப்பால், கிரவல் கலந்த மண்ணில் இன்னொருவர் நட்ட மரவள்ளி நெஞ்சளவுதான் நின்றது. அதன் கீழே கிழங்கு இருந்தது. "நல்ல மண்ணிலை ஏன் தம்பி கிழங்கு விழேல்லை?" என்று அவர் கேட்டார். "சத்துக் கூடிப்போச்சு அம்மா" என்று சொல்லிவிட்டு நாம் வந்துவிட்டோம். அது பிழையான பதிலல்ல. ஆனால் அரைப் பதில்.

எந்தச் செடியும் மண்ணிலிருந்து எடுக்கும் சத்தைத் தன் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாகப் பிரித்துக் கொடுப்பதில்லை. இலைக்கு ஒரு பங்கு, தண்டுக்கு ஒரு பங்கு, வேருக்கும் கிழங்குக்கும் ஒரு பங்கு, பூவுக்கும் விதைக்கும் இன்னொரு பங்கு. இந்தப் பங்கீடு இனத்துக்கு இனம் வேறுபடும். ஒரே இனத்திலும் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். இதை விளங்கிக்கொள்ள ஆய்வாளர் பலர் தேடிப்போன இடம் உயர்ந்த குளிர்மலைகள். அங்கே கோடை சில வாரங்களே. மண்ணும் வறியது. இருப்பதைக் கொண்டு சமாளிக்க வேண்டிய இடத்தில்தான் யாருக்கு முதலில் கொடுக்கப்படுகிறது என்பது வெளிப்படையாகத் தெரியும். குடும்பங்களிலும் அப்படித்தானே. ஆகவே இம்முறை வாசகர்களை நாம் அந்த மலைகளுக்கு அழைத்துச் செல்கிறோம். திரும்பும்போது இதே மரவள்ளித் தோட்டத்துக்கு வருவோம்.

மரம் வளராத உயரத்தில்

மலையில் ஏறிக்கொண்டே போனால் ஓர் உயரத்துக்கு மேல் மரம் வளராது. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் இந்த எல்லை ஏறத்தாழ 2,000 முதல் 2,300 மீற்றர் வரையில் உள்ளது. மத்திய கோட்டை அண்டிய நாடுகளில் அது 4,000 மீற்றருக்குக் கிட்டவும் உயர்ந்துவிடும். எமது நாட்டின் அதியுயர் மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். அங்கே காடு உச்சிவரை ஏறி நிற்கிறது. ஆகையால் நாம் இங்கே பேசும் செடிகளை இலங்கையில் காண முடியாது.

மர எல்லைக்கு மேலே வளர்பவை புல், கோரை, சிறு பூண்டுகள், நிலத்தோடு ஒட்டிப் படரும் குட்டைப் பற்றைகள். ஊதாநிறப் பூப் பூக்கும் சக்சிபிராகா என்ற ஒரு சிறு செடி சுவிற்சர்லாந்தில் 4,505 மீற்றர் உயரத்தில் வளர்ந்து நிற்பது கண்டறியப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் பூக்கும் தாவரம் ஒன்று காணப்பட்ட அதியுயர் இடம் அது. பனி உருகி நிலம் வெளியே தெரியும் காலம் சில சரிவுகளில் மூன்று மாதம் வரை நீளும். பனி தேங்கி நிற்கும் பள்ளங்களிலோ ஆறு தொடக்கம் எட்டு வாரங்களே. உழுந்து விளைவதற்குக்கூட அதைவிடக் கூடுதலான நாள் வேண்டும்.

அந்த மண்ணில் நைதரசன் இல்லாமலில்லை. உக்காத வேர்களிலும் சருகுகளிலும் ஏராளமாகக் கிடக்கிறது. குளிரில் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகவே வேலை செய்வதால், அது செடி உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு வரக் காலம் எடுக்கும். வங்கியில் காசு இருந்தும், இடம்பெயரும்போது வங்கிப் புத்தகத்தைத் தவறவிட்டவர் நிலை போன்றது இது.

இலைப் பங்கு குறையவில்லை

இத்தகைய மண்ணில் நிற்கும் செடியின் இலையில் சத்தும் குறைவாகவே இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஒஸ்ரியாவின் இன்ஸ்புறுக்கிலும் பின்னர் சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய தாவரவியலாளர் கிறிஸ்ரியன் கோர்னர், உலகின் பல மலைகளிலிருந்து திரட்டிய அளவீடுகளை ஒப்பிட்டு 1989 இல் வெளியிட்டார். முடிவு மறுபக்கமாக இருந்தது. உயரம் கூடக் கூட, பூண்டுகளின் இலையில் நைதரசனின் செறிவு குறையவில்லை. பெரும்பாலும் கூடியே இருந்தது.

இதன் காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். செடி வெயிலில் சீனி தயாரிப்பது ஒரு வேலை. அந்தச் சீனியையும் மண்சத்தையும் சேர்த்துப் புதிய இலை, புதிய வேர் கட்டுவது இன்னொரு வேலை. முதலாவது வேலையை இம்மலைச் செடிகள் நல்ல குளிரிலும் செய்யும். உறைநிலைக்குக் கிட்டவும் அது முற்றாக நிற்பதில்லை. இரண்டாவது வேலையோ ஏறத்தாழ 5 பாகை செல்சியசில் நின்றுபோகும் நிலைக்கு வந்துவிடுகிறது. வீடு கட்ட மணலும் சீமெந்தும் வந்து இறங்கியிருக்கிறது, மேசன்தான் வரவில்லை என்பது போல. கட்டடம் சிறிதாகவே எழும்புவதால், எடுத்த சத்து பரந்த இலைகளுக்குள் ஐதாகிப் போவதில்லை. சிறிய, தடித்த இலைக்குள் செறிந்து நிற்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. நைதரசனின் பெரும் பகுதி இலையில் ஒளித்தொகுப்பைச் செய்யும் புரதங்களில் இருக்கிறது. சில வாரங்களே வெயில் காணும் இலை, அந்தச் சில வாரங்களில் முழு மூச்சாக உழைக்க வேண்டும். வேலையாள் குறைந்த பட்டறை ஒன்றை அங்கே நடத்த முடியாது.

இதிலிருந்து எமக்கும் ஒரு விடயம் தெரிகிறது. இலையில் சத்துச் செறிந்திருக்கிறது என்பதால் மண் வளமானது என்று முடிவு கட்டக்கூடாது. வரட்சியில் குட்டையாக நிற்கும் பயிர் சில வேளைகளில் கரும்பச்சையாக இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே பயிர் மழை கண்டு கிடுகிடுவென எழும்பும்போது வெளிறிப் போகும். மழைநீர் சத்தைக் கழுவிச் செல்வது அதற்கு ஒரு காரணம். இருந்த சத்து பெருத்த உடம்புக்குள் ஐதாகிவிடுவது இன்னொன்று.

இனி உறுப்புகளின் பங்குக்கு வருவோம். அல்ப்ஸ் மலைகளில் தாழ்ந்த இடத்துப் பூண்டுகளையும் உயர்ந்த இடத்துப் பூண்டுகளையும் வேரோடு கிண்டி, கழுவி, உலர்த்தி, உறுப்பு உறுப்பாக நிறுத்துப் பார்த்தார்கள். 1987 இல் வெளியான இந்த வேலையிலும் கோர்னருக்குப் பங்குண்டு. செடி சிறுத்திருந்ததே தவிர, மொத்த உடம்பில் இலையின் பங்கு பெரிதாக மாறவில்லை. குறைந்தது தண்டின் பங்கு. கூடியது நுண்வேரின் பங்கு. மேலே போகப் போக வேர்கள் மெல்லியனவாகவும், அதே நிறைக்கு நீளம் கூடியனவாகவும் இருந்தன. தண்டை உயர்த்தி அயலவனோடு வெயிலுக்குப் போட்டி போடும் தேவை அங்கே இல்லை. காற்றுக்கு மேலே தலை நீட்டினால் குளிரில் காய வேண்டும். நிலத்தோடு ஒட்டியிருந்தால் வெயில் சுட்ட மண்ணின் சூடு கிடைக்கும். ஆகவே தண்டுச் செலவைக் குறைத்து, சத்தைத் தேடும் வேருக்குக் கொடுத்துவிடுகிறது.

திபெத்து மேட்டுநிலத்தின் உயர்ந்த புல்வெளிகளில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். அங்கே நிலத்துக்கு மேலே தெரியும் புல்லைவிட நிலத்துக்குக் கீழே உள்ள வேர் பொதுவாக ஐந்து ஆறு மடங்கு நிறையுடையது. மேய்ச்சல் மாடு காண்பது செடியின் சிறு பகுதியை மட்டுமே.

பெரும்பாலான பூண்டுகளில் நைதரசன் மிகச் செறிந்திருப்பது இலையில். அடுத்ததாக நுண்வேரில். தண்டில் குறைவு. பூவும் விதையும் பொசுபரசைத் தம்பக்கம் கூடுதலாக இழுக்கும். இடம் மாறி, மண் மாறி, ஈரம் மாறும்போது இலையின் சத்து அதிகம் அசைவதில்லை. தண்டிலும் தடித்த வேரிலும் உள்ள சத்தே கூடிக் குறையும். வருமானம் குறைந்த மாதத்திலும் பிள்ளையின் பால்மாவைக் குறைக்காமல், பெரியவர்களின் பங்கில் கைவைக்கும் வீட்டைப் போன்றது செடியின் கணக்கு.

போன வருடத்துச் சேமிப்பு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், றொக்கி மலைத்தொடரில், நிவொற் றிட்ஜ் என்ற உயர்ந்த மலைமுதுகு ஒன்று உண்டு. பல்லாண்டுகளாகத் தாவர ஆய்வு நடைபெறும் இடம் அது. அங்கே பிஸ்ரோர்ட்டா என்ற ஒரு பூண்டு வளர்கிறது. வெண்ணிறப் பூக்கதிர் கொண்டது. எங்கள் இஞ்சி, மஞ்சளைப் போல் நிலத்துக்குக் கீழே தடித்த கிழங்குத் தண்டு உடையது. 1992 இல் வெளியான ஓர் ஆய்வில், இச்செடி கோடையில் தன் இலைக்கும் பூவுக்கும் அனுப்பும் நைதரசன் எங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ 60 வீதம் அந்த வருட மண்ணிலிருந்து வந்ததல்ல. முன்னைய பருவத்தில் கிழங்குத் தண்டில் அமினோவமிலங்களாகச் சேமித்து வைத்ததே மேலே ஏறியிருந்தது.

பனி உருகிய அன்றே இலை விரிக்க வேண்டும். அந்நேரம் மண் இன்னும் குளிர்ந்து கிடக்கும். வேர் வேலை தொடங்கவில்லை. அன்றாட உழைப்பை நம்பினால் கோடை முடிந்துவிடும். சேமிப்பு இருந்தால் மட்டுமே முதல் வாரத்தைப் பிடிக்கலாம். பிறகு கோடை நடுவில் வேர் எடுக்கும் சத்தின் ஒரு பங்கு கிழங்குத் தண்டை மீண்டும் நிரப்பும்.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு சிறு செடியைப் பற்றி பமீலா டிகிள் என்ற தாவரவியலாளர் 1997 இல் வெளியிட்ட செய்தி எம்மை மிகவும் கவர்ந்தது. அச்செடியில் ஓர் இலையோ பூங்கதிரோ மொட்டின் உள்ளே ஊசிமுனை அளவில் உருவாகத் தொடங்கும் நாளிலிருந்து முழுமையாக வெளிவரும் வரை நான்கு வருடங்கள் செல்கின்றன. அதாவது இன்று நாம் அங்கே காணும் பூ, நான்கு கோடைகளுக்கு முன் திட்டமிடப்பட்டது. நிலத்துக்குக் கீழே அடுத்த வருடத்துப் பூவும், அதற்கடுத்த வருடத்துப் பூவும் வெவ்வேறு பருமனில் வரிசையில் காத்திருக்கின்றன. இதனால் ஒரு கோடை நன்றாக அமைந்தாலும் அந்த வருடமே பூ கூடிவிடாது. ஒரு கெட்ட கோடையின் அடியும் உடனே தெரியாமல், சில வருடம் தள்ளித் தெரியலாம்.

வேறு சில செடிகள் சேமிப்போடு நில்லாமல் சத்து வரும் நேரத்தையே பிடித்துக்கொள்கின்றன. மாரி முழுவதும் காற்றிலிருந்து பனியில் படிந்த நைதரசன், பனி உருகும் நாட்களில் ஒரேயடியாக இறங்கும். நிவொற் றிட்ஜில் பனிக்கரையோரம் வளரும் மஞ்சட்பூச் செடி ஒன்று, தனக்கு வேண்டிய நைதரசனின் பெரும் பகுதியை அந்தப் பனி உருகும் காலத்திலேயே எடுத்துவிடுகிறது. கோக்கேசு மலையில் வளரும் கொரிடாலிஸ் என்ற செடியோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது மெல்லிய வேர்களை மண்ணிலிருந்து மேல்நோக்கிப் பனிக்குள்ளேயே அனுப்பி, பனியில் உள்ள நைதரசனை உறிஞ்சுகிறது. 2009 இல் இச்செய்தி வெளியானபோது தாவரவியலாளர்களே வியந்தனர். வேர் மேலே வளர்வது என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு மாறல்லவா! கோரை இனம் ஒன்று, நுண்ணுயிர்கள் உக்கவைத்து முடிக்கும் வரை காத்திராமல், மண்ணில் உள்ள அமினோவமிலத்தை நேரடியாகவே வேரால் எடுத்துக்கொள்கிறது என்பதும் 1996 இல் தெரியவந்தது.

இலை காயுமுன் நடப்பது

சேமிப்பு எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு மண்ணிலிருந்து. இன்னொரு பங்கு காயப்போகும் இலையிலிருந்து.

அல்ப்ஸ் மலையின் உயர்ந்த புல்வெளிகளில் ஒரு கோரை பரந்து கிடக்கிறது. அதன் ஒவ்வொரு இலையும் நுனியில் பழுப்பாகி வளைந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மலையே பழுப்பாகத் தெரியும். நோயென்று நினைக்கத் தோன்றும். இலை அடியிலிருந்து வளர்ந்துகொண்டிருக்க, நுனியிலிருந்து காய்ந்து வருகிறது. காயும் நுனியின் சத்து கீழ்நோக்கித் திரும்புகிறது. இப்படி எடுத்து எடுத்து வைத்து வாழும் இந்தக் கோரையின் ஒரு தூரிலிருந்து 7,000 க்கும் அதிகமான தளிர்கள் பரவியிருந்ததை மரபணுச் சோதனையால் கண்டு, அத்தூரின் வயது ஏறத்தாழ 2,000 வருடம் என்று 1996 இல் மதிப்பிட்டார்கள்.

உலகெங்கும் பொதுவாக, இலை உதிருமுன் அதிலுள்ள நைதரசனிலும் பொசுபரசிலும் பாதியளவை, சில வேளை அதற்கு மேலும், செடி திருப்பி எடுத்துக்கொள்கிறது. எல்லாச் சத்தையும் இப்படி எடுக்க முடியாது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியவை உரியத்தின் வழியே பயணம் செய்யும். கல்சியம் போன்றவை போய்ச் சேர்ந்த இலையிலேயே தங்கிவிடும். எங்கள் தோட்டத்தில் பயிரின் குறையைக் கண்டுபிடிக்கும் முறையும் இதிலிருந்தே வருகிறது. அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால், குறைவது பயணம் செய்யும் சத்து. செடி கிழவனிடம் வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கிறது. குருத்திலை முதலில் வெளிறினாலோ கருகினாலோ, இரும்பு, கல்சியம் போன்ற நகராத சத்தையே சந்தேகிக்க வேண்டும். அங்கே யூரியா எறிந்து பயனில்லை.

மெத்தை போல உருண்டு வளரும் சில மலைச்செடிகள் காய்ந்த இலையைக்கூட வெளியே விடுவதில்லை. அது மெத்தைக்குள்ளேயே தங்கி உக்கும். சில இனங்களில் தண்டிலிருந்து புதுவேர் அந்தக் குப்பைக்குள் இறங்கிச் சத்தை மீண்டும் எடுக்கும். தன் கூட்டெருக் கிடங்கைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் செடி!

சுவிற்சர்லாந்தின் மலைக் கமக்காரர் செங்குத்தான சரிவுகளில் வளரும் புல்லை வைக்கோலுக்காக வெட்டுவது வழக்கம். ஆடி மாதக் கடைசியிலோ ஆவணியிலோ, வருடத்துக்கு ஒரு முறை. பல இடங்களில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையே. முந்தி வெட்டினால் சத்துள்ள வைக்கோல் கிடைக்கும், ஆனால் செடி கிடங்கு நிரப்பமுன் கொள்ளையடித்ததாகிவிடும். மிகப் பிந்தி வெட்டினால் செடிக்குக் கேடில்லை, மாட்டுக்குக் கிடைப்பது வெறும் சக்கை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நாளைத் தேர்வதுதான் அவர்களுடைய கெட்டித்தனம்.

இந்த இடத்தில் எமது மூத்தோரின் குழை தாட்டல் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் பூவரசங் குழையையும் வேப்பங் குழையையும் பச்சையாகவே வெட்டி மண்ணுக்குள் தாட்டார்கள். பழுத்துக் கொட்டியதைக் கூட்டி அள்ளி அதுதான் பசளை என்று சொல்லவில்லை. பச்சையாக வெட்டும் இலையில் முழுச் சத்தும் இருக்கிறது. பழுத்து விழுந்ததில் நைதரசனில் ஏறத்தாழ பாதியை மரம் எடுத்துவிட்டது. சருகு ஈரம் காக்கவும் மண்ணைப் பதப்படுத்தவும் நல்லது. பயிருக்கு உடனடிச் சத்து வேண்டுமானால் பச்சைக் குழையே வேண்டும். வேலிக்குச் சீமைக்கிளுவை நட்டவர்கள், அடிக்கடி கவாத்துப் பண்ணி இளங்குழையாகவே தாட்பது அதனால்தான் இலாபம். புதிய காணி துப்புரவாக்கும்போது வெட்டிய பற்றையைக் குவித்து எரித்துவிடுவது எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. எரிக்கும்போது நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். சாம்பலில் பொற்றாசியம், கல்சியம், பொசுபரசு மிஞ்சும். பசளை வாங்கக் காசில்லாத முதற் போகத்தில் அந்தப் புகை சிறிய நட்டமல்ல. பாம்புப் பயத்துக்கு முள்ளையும் தடியையும் எரித்தாலும், பச்சை இலையை உதிர்த்து ஒதுக்கிக்கொண்டு எரிக்கலாம்.

மாடு படுத்த இடம்

மலைக்கு ஒருமுறை திரும்பிப் போவோம். அல்ப்ஸ் மலைகளில் கோடையில் மாடுகளை மேலே ஓட்டிச் சென்று மேய்ப்பார்கள். பகலில் அவை சரிவெங்கும் பரந்து மேயும். இரவில் குடிலைச் சுற்றிப் படுக்கும். சாணமும் சலமும் குடிலடியில் சேரும். பரந்த மலையின் சத்து ஒரு சிறு வட்டத்துக்குள் வந்து குவிகிறது. அந்த வட்டத்தில் அகன்ற இலையும் தடித்த கிழங்குத் தண்டும் கொண்ட ரூமெக்ஸ் என்ற பூண்டு மதர்த்து வளர்ந்து மற்றச் செடிகளை மூடிவிடும். மாடு அதை விரும்பி உண்ணாது. மந்தை வருவது நின்று பல பத்தாண்டுகள் ஆனாலும் அது விடாது. அதன் இலைகள் அங்கேயே விழுந்து உக்கி, சத்து அதே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

நிவொற் றிட்ஜின் வரண்ட புல்வெளியில் 1990களின் ஆரம்பத்தில் ஆய்வாளர்கள் நைதரசன் இட்டுப் பார்த்தபோது இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. அங்கே ஆட்சி செய்துவந்த மெதுவாக வளரும் கோரை, கூடக் கிடைத்த சத்தால் பெரிதாக வளரவில்லை. அதன் அருகே அடங்கிக் கிடந்த மற்றப் பூண்டுகளும் புற்களுமே எழும்பின. சிக்கனத்துக்குப் பழகிய செடிக்குத் திடீரெனக் கிடைக்கும் செல்வத்தைச் செலவழிக்கத் தெரியாது. செலவழிக்கத் தெரிந்தது முந்திக்கொள்ளும்.

எமக்கு மலைச்செடி உறவு ஒன்று உண்டு. அது உருளைக்கிழங்கு. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளில், கடல்மட்டத்துக்கு 3,800 மீற்றர் உயரத்திலுள்ள டிற்றிக்காக்கா ஏரியைச் சூழ்ந்த பகுதிகளில், பல ஆயிரம் வருடங்களுக்கு முன் மனிதர் பயிராக்கிய செடி அது. குளிரில் இலையை இழந்தாலும் கிழங்கிலிருந்து மீண்டும் எழும்பும் மலைப்பழக்கம் அதற்கு இன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அதைக் கார்த்திகை, மார்கழியில் நட்டு, மாசி, பங்குனியில் கிண்டுவது ஏன்? இரவு குளிர்ந்தால்தான் அது சத்தையும் மாப்பொருளையும் கீழே அனுப்பும். இரவு வெப்பமாக இருந்தால் இலையும் தண்டும் பெருக்கும், கிழங்கைப் பிற்போடும். நைதரசன் அளவுக்கு மிஞ்சினாலும் இதே கதைதான். "இன்னும் வளரக் காலமிருக்கிறது" என்று செடி கணக்குப் போட்டுக்கொள்கிறது என்று சொன்னால் தாவரவியலாளர் எம்மைக் கோபிக்கக்கூடும். விளங்குவதற்கு அப்படிச் சொல்கிறோம். வெங்காயத்திலும் தாள் சாய்ந்து வாடும்வரை பொறுப்பது, தாளிலுள்ளது குமிழுக்கு இறங்கட்டும் என்பதற்கே.

மரவள்ளி வெப்ப நாட்டுச் செடி. குளிர் அதற்கு ஆகாது. ஆயினும் பங்கீட்டில் அதுவும் இந்த விதிக்குள் அடங்கும். பட்டி மண்ணில் நைதரசன் தாராளமாகக் கிடைத்தபோது வேருக்கு வேலையில்லை. புதிய இலையும் தண்டும் கட்டுவதிலேயே சீனி முழுவதும் செலவாயிற்று. கிழங்கில் வைக்க மிச்சமில்லை. கிரவல் மண்ணில் நைதரசன் குறைந்ததும் இலை கட்டுவது மட்டுப்பட்டது. வெயிலில் தயாரித்த சீனி மிஞ்சியது. மிஞ்சியது வேருக்கு இறங்கி மாவாயிற்று. அந்தத் தாயின் கேள்விக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுபாதிப் பதில் இதுதான்.

அளவு மீறிய வறுமையும் கிழங்கு தராது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். இலையே இல்லாவிட்டால் சீனி எங்கே? மரவள்ளி தொடர்ந்து வைக்கும் காணியில் பொற்றாசியம் கிழங்கோடு வெளியேறிவிடும். அடுப்புச் சாம்பல் அதற்குக் கைகொடுக்கும். நைதரசனில் பெரும் பங்கு இலையில் இருப்பதால், கிண்டும் நாளில் இலையையும் இளந்தண்டையும் வேலிக்கு வெளியே எறியாமல் அதே மண்ணில் தாட்டுவிடுவது நல்லது.

அடுத்த முறை போனபோது இவற்றைச் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, "அப்ப பட்டி மண்ணிலை கீரையைப் போடுறன். கீரைக்கு இலைதானே வேணும்" என்றார். மாரி தொடங்கியதும் முளைக்கீரைப் பாத்தி இரண்டும் ஒரு பூசணியும் அங்கே வைத்தார். மரவள்ளித் தடிகளைக் கிரவல் பக்கத்துக்கு மாற்றினார். பட்டி மண்ணில் நாலு கடகம் அள்ளி, கிரவல் மண்ணில் தோண்டிய குழிகளுக்குக் குழிக்கு ஒரு கை வீதம் போட்டிருந்தார். அது நாம் சொல்லிக் கொடுத்ததல்ல.